கிட் வீட்டின் முழுச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

ஆலையில் செய்த பாகங்களாக வாங்கி மனையில் பொருத்திக் கட்டும் கிட் வீட்டின் விலைப்பட்டியலில் முதலில் கண்ணில் படுகிற தொகை, அந்த வீட்டைக் கட்டி முடித்துக் குடியேறுவதற்கு ஆகிற செலவு அன்று. ஆலையில் அளவெடுத்து அறுத்து, எண்ணிட்டு, கட்டி அனுப்பப்படும் சுவர்ப் பலகைகள், கூரைச் சட்டங்கள், இணைப்புத் தகடுகள், திருகாணிகள் ஆகியவற்றின் விலைதான் அது. அவை வந்து இறங்குவதற்கு முன்பு மண்ணில் செய்ய வேண்டிய வேலைகளும், அவை எழுந்து நின்ற பிறகு உள்ளே செய்ய வேண்டிய வேலைகளும் சேர்ந்தால், பெரும்பாலான வீடுகளில் கிட்டின் விலை மொத்தச் செலவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. இதை முன்பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்கிற குடும்பங்கள், கூரை போட்டு ஜன்னல் வைத்த நிலையிலேயே பணம் தீர்ந்துபோய், மின்சாரமும் தண்ணீரும் இல்லாத வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வாடகை வீட்டிலேயே காலம் தள்ள நேர்கிறது. அந்த நிலை வராமல் இருக்க, கணக்கை எங்கிருந்து தொடங்கி எப்படி எழுதுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

இந்த இடைவெளி புதிதாகத் தோன்றியதும் அன்று. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல்வழி விலைப்பட்டியல் மூலம் 70,000-க்கும் மேற்பட்ட வீடுகளை விற்றது. மரச்சட்டம் முதல் ஆணி வரை ரயிலில் வந்து இறங்கிய அந்த வீடுகளின் விலையில்கூடச் செங்கல்லும் சிமென்ட்டும் சேரவில்லை, நிலமும் சேரவில்லை. எடை மிகுந்த, எங்கும் கிடைக்கக்கூடிய பொருளை வெகுதூரம் ஏற்றி அனுப்புவது வீண் என்பதே அதற்குக் காரணம், அந்தக் காரணம் இன்றும் மாறவில்லை. ஆகவே விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று எண்ணத் தேவையில்லை. அவர் விற்பது இன்னது, விற்காதது இன்னது என்பதை வாங்குகிறவர் வரிக்கு வரி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று கேள்விகளால் ஆன பட்டியல்

ஒரு நோட்டையோ விரிதாளையோ எடுத்துக்கொண்டு, வெற்று மனையில் தொடங்கிச் சாவி கைக்கு வரும் நாள் வரை, வேலை நடக்கிற வரிசையிலேயே ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: பொருளைத் தருவது யார், அதைப் பொருத்துவது யார், அதற்கான பணம் எப்போது கைவிட்டுப் போகும். பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். செலவு ஏறுவது இரண்டாவதில், வேலை நின்றுபோவது மூன்றாவதில்.

ஒரு ஜன்னலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ‘ஜன்னல்கள் உட்பட’ என்று கிட்டின் விவரத்தாளில் எழுதியிருக்கும். கண்ணாடி பொருத்திய சட்டம் வரும் என்பது அதன் பொருள். ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கை அடைக்கும் நுரை, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் தகடு, அதன்மேல் ஒட்டும் நாடா, வெளிப்புறம் பூசும் சிலிகான், உட்புற விளிம்பை மூடும் மரப்பட்டை, அடிப்பலகை, கொசுவலை, கைப்பிடி ஆகியவை அதில் சேர்ந்தவையா, இல்லையா? சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, மட்டம் பார்த்து, திருகி, அடைத்து முடிக்கும் கூலி யாருடையது? ஒரு ஜன்னலுக்குச் சிறிதாகத் தெரிகிற இந்தத் தொகை, பதினான்கு ஜன்னல்களுக்குப் பெருகும்போது தனித் தலைப்பாக எழுதத்தக்க செலவாகிவிடுகிறது. கதவு, கூரைத் தகடு, மாடிப்படி என்று பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் இதேபோல் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விற்பனையாளர்கள் ‘கூடு’, ‘மழை புகாத நிலை’, ‘குடியேறத்தக்க நிலை’ என்றெல்லாம் வெவ்வேறு கட்டங்களுக்கு விலை சொல்வார்கள். இந்தச் சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வரையறை கிடையாது. ஒருவருடைய மழை புகாத நிலையில் ஓடு வேய்ந்த கூரை இருக்கும். இன்னொருவருடையதில் கூரைப் பலகையும் அதன்மேல் விரித்த நீர்த்தடுப்பு விரிப்பும் மட்டுமே இருக்கும். இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவதென்றால், இருவரிடமும் உங்கள் பட்டியலையே கொடுத்து, வரிக்கு வரி ஆம், இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பரப்பளவிலும் கவனம் தேவை. வெளிச்சுவரின் வெளிப்புற அளவைக் கொண்டு கணக்கிடுகிறவர் உண்டு, உட்புறத் தளத்தை மட்டும் கணக்கிடுகிறவர் உண்டு, தாழ்வாரத்தையும் சேர்த்துச் சதுர மீட்டர் விலையைக் குறைத்துக் காட்டுகிறவரும் உண்டு.

வடிவம் தீர்மானிக்கும் செலவு

மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே செலவின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் உள்ள வீடும், 20 மீட்டருக்கு 5 மீட்டர் உள்ள வீடும் ஒரே 100 சதுர மீட்டர் பரப்புடையவை. ஆனால் முன்னதன் சுற்றளவு 40 மீட்டர், பின்னதன் சுற்றளவு 50 மீட்டர். ஓரத்து அஸ்திவாரம், வெளிச்சுவர், வெப்பக்காப்பு, வெளிப்பூச்சு ஆகிய அனைத்தும் நான்கில் ஒரு பங்கு கூடுகின்றன. உள்ளே ஓர் அடி இடமும் கூடவில்லை. வீட்டில் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு உள்மூலையும், கூரையில் ஒவ்வொரு பள்ளமும் கூடுதல் தகடும் கூடுதல் வேலைநாளும் கேட்கும். படத்தில் அழகாகத் தெரிகிற மாதிரியைவிட நேரான சுவர்களும் இரண்டு சரிவுக் கூரையும் உள்ள மாதிரியை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். அதில் மிச்சமாகும் பணம் சமையலறைக்கும் குளியலறைக்கும் போகட்டும்.

மண்ணுக்குள் போகும் பணம்

கணக்கில் மிகவும் நிச்சயமற்ற பகுதி தரைக்குக் கீழேதான் இருக்கிறது. கிட்டை ஆலையிலேயே எண்ணிப் பார்க்கலாம், மண்ணைத் தோண்டாமல் அறிய முடியாது. ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும் களிமண்ணா, நிரப்பிய மண்ணா, சிறிது ஆழத்திலேயே பாறையா, நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பனவற்றைப் பொறுத்து அஸ்திவாரச் செலவு இருமடங்காகவும் கூடும். எனவே மண் பரிசோதனையும் நில அளவையும் கிட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே செய்யப்பட வேண்டியவை. நிலமே இன்னும் வாங்கவில்லை என்றால், வாங்குவதற்கு முன்பே செய்துவிடுவது இன்னும் நல்லது. சரிவான மனையில் மண்ணை வெட்டி நிரப்பிச் சமதளமாக்குவதா, தூண்கள் எழுப்பி அவற்றின்மேல் வீட்டை வைப்பதா என்ற முடிவும் இந்த அறிக்கை கைக்கு வந்த பிறகே எடுக்கத்தக்கது.

செங்கல் வீட்டின் அஸ்திவாரத்தில் சிறு பிழை நேர்ந்தால் மேஸ்திரி சுவரைக் கட்டும்போது கலவையில் அதைச் சரிக்கட்டிவிடுவார். கிட் வீட்டில் அதற்கு வழியே இல்லை, ஏனென்றால் பலகைகள் ஏற்கெனவே மில்லிமீட்டர் அளவில் அறுக்கப்பட்டுவிட்டன. 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள தளம் என்றால், மூலைக்கு மூலை குறுக்காக நாடாவைப் பிடித்துப் பார்க்கும்போது இரண்டு குறுக்களவுகளும் சரியாக 15 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 15.03, இன்னொன்று 14.97 என்று வந்தால் தளம் செவ்வகமாக இல்லாமல் இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கடைசிச் சுவர், அதைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டில் உட்காராது. இந்த அளவைக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு, அச்சுப்பலகை நிலையில் ஒருமுறையும், ஆங்கர் போல்ட்டுகள் நின்ற பிறகு மறுமுறையும் பார்க்கச் சொல்லி, அதையும் அஸ்திவார ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அனுமதிக்கத்தக்க பிழை எவ்வளவு என்பதைக் கிட் நிறுவனத்தின் வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்துச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், பலகை உட்காராத நாளில் கிட்காரர் அஸ்திவாரத்தையும் அஸ்திவாரம் போட்டவர் கிட்டையும் குறை சொல்ல, கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

குழாய்களும் மின்கம்பிகளும் தளத்துக்கு அடியில் நுழைய வேண்டிய இடங்களையும் இப்போதே விட்டுவைக்க வேண்டும். கெட்டியான கான்கிரீட்டை உடைத்துக் குழாய் இறக்கும் செலவு எந்தப் பட்டியலிலும் முன்கூட்டி இருப்பதில்லை.

ஆலையிலிருந்து மனைவரை

போக்குவரத்துக் கட்டணம் எந்த இடம் வரை என்று கேளுங்கள். துறைமுகம் வரையா, ஊர் எல்லை வரையா, மனையின் வாசல் வரையா என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. இறக்குமதியாகும் கிட் என்றால் சுங்கவரி, கிடங்கு வாடகை, நாணய மாற்று விலையின் ஏற்ற இறக்கம் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். 40 அடிக் கன்டெய்னர் ஏறக்குறைய 12.2 மீட்டர் நீளமுடையது. அதை இழுத்துவரும் லாரி திரும்புவதற்கான வளைவும், அதன் எடையைத் தாங்கும் பாதையும், தாழத் தொங்காத மின்கம்பிகளும் உங்கள் தெருவில் இல்லையென்றால், வழியில் இறக்கிச் சிறு வண்டிகளில் மாற்றி ஏற்றும் செலவையும் எழுத வேண்டியிருக்கும். வழியைக் காலால் நடந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொருள் வந்து இறங்கும் நாளுக்கென்று தனித் தொகை ஒதுக்குங்கள். இறக்குவதற்கு ஆட்களோ ஃபோர்க்லிஃப்டோ வேண்டும். தரையில் படாமல் அடுக்கக் கட்டைகள் வேண்டும், மேலே போர்த்தத் தார்ப்பாய் வேண்டும். மரம் என்றால் மேற்புறத்தை மூடி, பக்கவாட்டில் காற்று போக விட வேண்டும். முழுவதும் இறுக்கிக் கட்டினால் உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கே ஒருவர் அனுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒட்டியுள்ள எண்ணைப் படிக்க, இன்னொருவர் பென்சிலால் குறியிட வேண்டும். குறைவையும் உடைசலையும் தெரிவிப்பதற்கு ஒப்பந்தத்தில் சில நாள்களே அவகாசம் இருக்கும். லாரி ஓட்டுநரின் ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன்பே அவற்றை அதே ரசீதில் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஒரு பலகை இலவசமாக வந்து சேரும்.

நிறுத்துவதும் முடிப்பதும்

கிட் வீடு சில நாள்களில் எழுந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். எழுவது கூடு, முடிவது வீடு. கூட்டை நிறுத்தக் கிரேன் வாடகை, சாரம், கருவிகள், பழகிய ஆட்களின் கூலி ஆகியவை வேண்டும். மழையாலோ காற்றாலோ கிரேன் வேலை செய்ய முடியாத நாளுக்கும் வாடகை உண்டா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாமே கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் கிட் வீட்டை நாடுவோரிடம் இயல்பாகவே இருக்கும், அது நல்ல எண்ணமும்கூட. ஆனால் சொந்த உழைப்புக்கும் கணக்கு எழுத வேண்டும். வார இறுதியில் மட்டும் வேலை செய்தால் எத்தனை மாதம் ஆகும், அத்தனை மாதமும் கொடுக்கிற வாடகையும் கடன்வட்டியும் எவ்வளவு, விடுப்பெடுத்தால் இழக்கும் சம்பளம் எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால், சில வேலைகளை ஆள் வைத்துச் செய்வதே மலிவு என்பது தெரியவரும். வண்ணம் பூசுவது, வெப்பக்காப்பை நிரப்புவது, தோட்டம் போடுவது ஆகியவற்றில் சொந்த உழைப்பு நன்றாகவே மிச்சம் தரும். மின்சார வேலையும் கூரையும் அப்படிப்பட்டவை அன்று. முன்னதற்குப் பெரும்பாலான இடங்களில் உரிமம் பெற்றவரின் கையொப்பம் வேண்டும். பின்னதில் நேரும் ஒரு பிழை கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்துவிடும். உத்தரவாதம் நிலைக்க நிறுவனத்தின் ஆட்களே பொருத்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்றிலும் வீட்டுக்குள் ஆகும் செலவையும் வீட்டுக்கு வெளியே ஆகும் செலவையும் தனித்தனியே எழுதுங்கள். அருகில் உள்ள மின்கம்பம் எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கிறது, பொதுக் குழாய் இருக்கிறதா, இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கும் வேண்டுமா என்பவற்றைப் பொறுத்து வெளிச்செலவு உட்செலவை மிஞ்சிவிடுவதும் உண்டு. சுவர்ப் பலகைக்குள் ஒயர் போகும் குழாய்கள் ஆலையிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கத் தவறாதீர்கள். அடைபட்ட பலகையைப் பின்னர் குடைந்து ஒயர் இழுப்பது எலக்ட்ரீஷியனுக்கு நாள்கணக்கான வேலை.

உள்வேலைதான் பெரும்பாலும் கிட்டுக்கு அடுத்த பெரிய செலவு. ஜிப்சம் பலகை, தளவோடு, உட்கதவுகள், அலமாரிகள், சமையல் மேடை, குளியலறைச் சாதனங்கள், விளக்குகள், வண்ணம் என்று இது நீளும். இங்கே விலை அளவைவிட விருப்பத்தைப் பொறுத்தே கூடுகிறது என்பதால், ‘தளவோடு: சுமாரான தரம்’ என்று எழுதாமல், கடைக்குச் சென்று தேர்ந்தெடுத்த ஓடு இன்னது, அதன் விலை இன்னது என்று எழுத வேண்டும், வெட்டும்போது வீணாகும் ஓட்டுக்காக அளவில் பத்து விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். வெளியே வாசற்படி, மழைநீர்க் குழாய், வடிகால், நடைபாதை, வேலி ஆகியவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோர் பலர். வேலி காத்திருக்கலாம். படியும் வடிகாலும் காத்திருக்க முடியாது, ஏனென்றால் அஸ்திவாரத்தின் அருகே தேங்கும் நீர் வீட்டையே பழுதாக்கும்.

கட்டட அனுமதி, பொறியாளர் சான்று, இணைப்புக் கட்டணங்கள், கட்டுமானக் காலக் காப்பீடு ஆகியவை தனித்தனியே சிறியவை, சேர்ந்தால் கணிசமானவை. கிட்டுடன் வரும் வரைபடம் பொதுவான வரைபடம். உங்கள் மனையின் காற்று வேகத்துக்கும், நிலநடுக்க வாய்ப்புக்கும், மண்ணுக்கும் ஏற்ப அதைச் சரிபார்த்துக் கையொப்பமிட உள்ளூர்ப் பொறியாளர் தேவைப்படுவார்.

பணம் போகும் நேரம்

மொத்தத் தொகை சரியாக இருந்தும் வேலை நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். வங்கிகள் பொதுவாகக் கட்டுமானக் கடனை ஒரே தவணையில் கொடுப்பதில்லை. மனையில் எழுந்து நிற்கிற வேலையை மதிப்பிட்டு, அதற்கேற்பத் தவணை தவணையாகக் கொடுக்கின்றன. கிட் நிறுவனமோ ஆலையில் அறுக்கத் தொடங்குமுன் ஒரு பங்கையும், லாரியில் ஏற்றுமுன் மீதியில் பெரும்பங்கையும் கேட்கும். ஆக, மனையில் அஸ்திவாரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத நாளில் வீட்டின் மிகப்பெரிய ஒற்றைத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு வங்கிப் பணம் வந்திருக்காது. இந்த இடைவெளியைக் கைப்பணத்தால் நிரப்ப முடியுமா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். முடியாதென்றால், ஆலையில் இருக்கும் பொருளுக்கு ஈடாகப் பணம் விடுவிக்க வங்கி சம்மதிக்குமா, அதற்கு எந்த ஆவணம் வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மாதவாரியாக ஒரு தாள் போட்டு, ஒவ்வொரு மாதமும் வருவதும் போவதும் கைவசம் மிஞ்சுவதும் எழுதினால், எந்த மாதத்தில் கை வறண்டுபோகும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கட்டுமான காலத்து வட்டியையும், தற்போதைய வாடகையையும் இதே தாளில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஒரு மாதிரிக் கணக்கு

எண்களை வைத்துப் பார்ப்பதற்காக, கிட்டின் விலையை 100 பங்கு என்று கொள்வோம். இவை கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு எண்களே. உங்கள் எண்களை நீங்கள்தான் விலைப்புள்ளி வாங்கி நிரப்ப வேண்டும். வரியும் போக்குவரத்தும் 14, மனையைத் தயார்செய்வதும் அஸ்திவாரமும் 38, கூட்டை நிறுத்துவது 34, மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீரும் 36, உள்வேலை 62, அனுமதியும் பொறியாளரும் காப்பீடும் 14, வெளிவேலை 16 என்றால், கூட்டுத்தொகை 314 ஆகிறது. கிட்டின் விலை ஒப்பந்தத்தில் உறுதியாகிவிட்டதால் அதை விட்டுவிட்டு, மீதி 214-க்கு மட்டும் 15 விழுக்காடு எதிர்பாராச் செலவு என்று 32 பங்கைச் சேர்த்தால் 346. நிலத்தின் விலையும் கடன்வட்டியும் இன்னும் இதில் சேரவில்லை. இருந்தும் கிட் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கிறது.

எதிர்பாராச் செலவுக்கான தொகையை எல்லாத் தலைப்புக்கும் ஒரே விழுக்காட்டில் வைப்பதைவிட, அறியாமை மிகுந்த இடத்தில் கூட்டியும், விலை உறுதியான இடத்தில் குறைத்தும் வைப்பதே சரி. மண் பரிசோதனை செய்யாத மனையின் அஸ்திவாரத்துக்கு 25 விழுக்காடு வைத்தாலும் மிகையாகாது. இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நல்ல தளவோட்டுக்காகவும் பெரிய ஜன்னலுக்காகவும் அதைத் தொட்டுவிட்டால், கூரை வேலையின்போது உண்மையாகவே தேவைப்படும் நாளில் அது இருக்காது. செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பரப்பைக் குறையுங்கள், ஓர் அறையை உள்வேலை முடிக்காமல் விட்டுவையுங்கள், தாழ்வாரத்தைத் தள்ளிப்போடுங்கள். அஸ்திவாரம், நீர்த்தடுப்பு, வெப்பக்காப்பு ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள்; அவற்றைப் பின்னால் சரிசெய்ய வேண்டுமென்றால் முடித்த வேலையை உடைத்துத்தான் உள்ளே போக முடியும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பு கையில் இருக்க வேண்டிய தாள்கள் நான்கு: மண் பரிசோதனை அறிக்கை, அதை வைத்துக் கொடுக்கப்பட்ட அஸ்திவார விலைப்புள்ளி, வரிக்கு வரி ஆம், இல்லை என்று கிட் நிறுவனம் நிரப்பிக் கையொப்பமிட்ட உங்கள் பட்டியல், தவணைகளை விடுவிக்கும் நிபந்தனைகளைக் கூறும் வங்கிக் கடிதம். கட்டட அனுமதி இன்னும் வரவில்லை என்றால், அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியையும் ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகு கையெழுத்திடுங்கள். பொருத்தும் ஒப்பந்தக்காரருக்கும் இறுதித் தவணையாக 5 முதல் 10 விழுக்காடு வரை நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் கடந்து கூரையும் ஜன்னல்களும் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்பதாக முன்பே எழுதிக்கொள்ளலாம்.